டயர் உருட்டிய அக்கா

சேலை கட்டிய பொம்பளை ஒருத்தி, பஸ்ஸும் லாரியும் போகிற மெயின் ரோட்டு ஓரமாக, தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு விட்டேனா, அவர் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் டயரை உருட்டிக்கொண்டு நானும் போனேன். எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். முன்னால் போகிறவர் எங்கள் மேல்வீட்டு அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையால் டயரைத் தட்டித் தட்டி, பஸ் ஜன்னல்களில் எட்டிப் பார்க்கிற முகங்களைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் போவார். டயர் சாக்கடைப் பக்கம் சாயப் பார்த்தால் மட்டும், "நேரா போ சாமி" என்று அதனிடம் பேசுவார். எனக்கோ மானம் போகும். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் என் டயரைச் சட்டென்று விட்டுவிட்டு, ரோட்டைக் கடக்கக் காத்திருப்பவள் மாதிரி நின்றுகொள்வேன். டயர் தன்பாட்டுக்கு உருண்டுபோய் எவர் வீட்டு வாசலிலாவது விழும்.

குவார்ட்டர்ஸ் என்றால் தமிழ்நாடு முழுவதையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொட்டிய மாதிரி. எதிர்வீட்டில் தஞ்சாவூர், பக்கத்து பிளாக்கில் மதுரை, நான் திருநெல்வேலி, அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம். நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அக்கா பேசுவதைக் கேட்டு, இவர் நிஜமாகவே மரியாதை கொடுக்கிறாரா, கேலி செய்கிறாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. காய்கறிக்காரர், தபால்காரர், குப்பை வண்டிக்காரர் யாராக இருந்தாலும் ஏனுங்க, என்னுங்க, போங்க, வாங்க. குரல் உயரவே உயராது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு இவர் ஒரு சாது என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருத்தி. பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அதே மெல்லிய குரலில், அதே 'ங்க' போட்டு, எதிராளி களைத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்.

அக்காவுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். மழைக்காலம் வந்தால் அவளுக்கு இழுப்பு வரும். மார்கழி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சின்ன நெஞ்சு மேலும் கீழுமாக ஏறி இறங்க, உட்கார்ந்தபடியே தூங்குவாள். அந்தச் சத்தம் மேல்தளத்திலிருந்து என் வீட்டுக் கூடத்துக்குக் கேட்கும். ஊதுகிற மகுடிக்குள் ஓட்டை விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: குளிரைக்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், புகைதான் இந்தக் குழந்தைக்கு எமன். ஒவ்வொரு தடவை இழுப்பு வரும்போதும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் பலவீனமாகும். அக்கா அன்றிலிருந்து வீட்டில் ஊதுவத்தி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் வீட்டு ஊதுவத்தியை நிறுத்தலாம், ஊர்ப் புகையை எப்படி நிறுத்துவது? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் போகி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பொங்கலுக்குத் தயாராவோம், அவ்வளவுதான். அக்கா ஊரில் அன்றைக்குக் காப்புக் கட்டு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவார்கள். மெட்ராஸ் போகியை நாங்கள் இருவரும் இங்கே வந்துதான் பார்த்தோம். பொழுது விடியும் முன்னே தெருவுக்குத் தெரு டயரைக் கொளுத்தி, அதைச் சுற்றி நின்று மேளம் கொட்டுவார்கள். மார்கழி முதல் தேதியிலிருந்தே குளிர்காய என்று ஒத்திகை ஆரம்பமாகிவிடும். போகியன்று காலை வாசலைத் திறந்தால் எதிர் பிளாக் தெரியாது. கோலமாவு மேல் கரி படியும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். காயப்போட்ட துணியைத் திரும்பவும் துவைக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஊரைக் கரியாக்கி என்ன சாமியைக் கும்பிடப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கத்துவேன். அவர் பேப்பரைப் புரட்டுவார்.

ஒரு போகியன்று பாப்பாவுக்கு இழுப்பு கண்டு, தை முடிந்து மாசி பிறந்தும் விடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே கிடந்தாள். அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷர், பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் பயம் வந்துவிட்டது. அடுத்த போகிக்கும் இதே கதை என்றால் பாப்பாவைக் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிடலாம், அவள் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்காவும் அவரோடு சண்டை போடவில்லை. கீழே இறங்கி வந்து என் வீட்டு அடுக்களை வாசலில் நின்று, "அம்மிணி, எம்புள்ளைய நான் அனுப்பமாட்டேன். டயரை நிறுத்தோணும். நீ வருவியா, மாட்டியா?" என்று கேட்டார். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். "ஏக்கா, மெட்ராஸ்காரன் போகியவா நிறுத்தப் போறிய?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைக்கு மாவு ஒட்டியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பல வருஷம் உழைத்தேன்.

குழு அப்படித்தான் ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்துச் செயலாளரிடம் அக்கா போய்ப் பேசினார். அவர் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். ஆம்பிளைகள் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும், தலைவர் வேண்டும், துணைத்தலைவர் வேண்டும், டீ பிஸ்கட்டோடு ஒரு கூட்டம் வேண்டும். எல்லாம் நடந்தது. 'சுற்றுச்சூழல் காப்புக் குழு' என்று செயலாளர் பெயர் வைத்தார். பசங்கள் அதை 'டயர் சங்கம்' ஆக்கினார்கள். நிலைத்தது அதுதான். கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் தேறியது கரும்பு யோசனை. எந்தப் பையன் ஒரு பழைய டயர் கொண்டுவந்து கொடுக்கிறானோ அவனுக்கு ஒரு கரும்பு. பொங்கல் சமயத்தில் கரும்புக்கு மயங்காத பிள்ளை உண்டா? வீட்டுக்கு வீடு வசூல் செய்து ஒரு கட்டை வண்டி நிறையக் கரும்பு வாங்கி இறக்கினோம்.

டயர் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வரத்து. முதலில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் சைக்கிள் டயரோடு வந்தார்கள். சேதி பரவியதும் பக்கத்துக் கிராமத்துப் பசங்கள் வந்தார்கள். அம்பத்தூர் பக்கமிருந்து வந்தார்கள். பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து லாரி டயரைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. இத்தனை டயர் இந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வீட்டு ஸ்கூட்டரின் ஸ்டெப்னி காணாமல் போய், அது எங்கள் குவியலில் இருந்து கண்டெடுக்கப்பட்டது. செயலாளர் பூரித்துப்போனார். குவார்ட்டர்ஸ் மைதானத்தின் நடுவில் ஸ்டோர்ஸில் அடுக்குகிற மாதிரியே அடுக்க வைத்தார். சைக்கிள் ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். ஒன்றின் மேல் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி. எங்கள் பிளாக் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் எழுப்பியது போலத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, 'தொடாதே' என்று ஒரு பலகையும் மாட்டினார்கள்.

இங்கேதான் நாங்கள் தொழிற்சாலை ஜனம் என்பதைக் காட்டினோம். தொழிற்சாலைக்குள் ஒரு பொருளை அடுக்கி வைத்துப் பலகை மாட்டிவிட்டால் அது அங்கேயே இருக்கும். கேட் பாஸ் இல்லாமல் ஒரு ஸ்குரூ வெளியே போகாது. இருபது வருஷம், முப்பது வருஷம் அப்படியே பழகிய ஆட்கள். வெளியுலகமும் பலகை சொன்னால் கேட்கும் என்றே நம்பிவிட்டார்கள். பழைய ரப்பர் எடுக்கிற வியாபாரி, லாரி ஆட்களெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், மாட்டுப்பொங்கல் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றார்கள். குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணாத்தே மட்டும் சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று, கோட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சார், போகிக்கு ஊரு டயரு மொத்தமும் ஒரே எடத்துல அடுக்கி வச்சிக்கீறீங்க, மேளத்துக்கும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். செயலாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் பொறுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

போகி விடியற்காலையில் மேளச் சத்தம் கேட்டு விழித்தேன். அடுக்களை ஜன்னல் செக்கச்செவேலென்று இருந்தது. விடிந்துவிட்டது என்றே நினைத்தேன். வாசலுக்கு ஓடினால், மைதானத்து நடுவில் கோட்டை எரிகிறது. யார் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும் அவர்களைச் சொல்லி என்ன? போகியன்று மைதானத்தில் டயரை அடுக்கி வைத்துவிட்டுத் தொடாதே என்று எழுதினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? நாலு தெருவில் எரிய வேண்டியதையெல்லாம் நாங்களே கரும்பு கொடுத்து வரவழைத்து, எங்கள் ஜன்னல்களுக்கு எதிரே ஒரே சிதையாக அடுக்கி வைத்திருக்கிறோம். புகை மேலே போகவில்லை. பனி அதை அமுக்கி, கறுப்பாக, கனமாக, தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆம்பிளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நெருப்புக்குக் குடத்துத் தண்ணீரெல்லாம் எந்த மூலைக்கு? மேல்வீட்டில் அக்கா நனைத்த சேலைகளை ஜன்னல்களில் அடைத்துக்கொண்டிருந்தார். பாப்பாவின் உதடு நீலமாகியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க, பின்னால் அக்கா வீட்டுக்காரர் குழந்தையை ஈரத் துண்டால் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்காவும் நானும் பின்னாலேயே அந்தப் புகைக்குள் ஓடினோம்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் வைத்து, ஊசி மேல் ஊசி போட்டு, பொங்கலன்று மத்தியானம்தான் கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தாள். அடுத்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து அவள் மாமன் வந்தார். இந்தத் தடவை அக்கா அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வழி இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். நீயும் வா அம்மா என்று பாப்பா கேட்கவில்லை, அவளுக்கு ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. வண்டி நகரும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "இங்க காத்தை நல்லா பண்ணிப்போட்டு அம்மா வந்து கூப்புட்டுக்கறேன் கண்ணு" என்றார். பிளாட்பாரம் முடிகிற இடம்வரை நடந்தார். திரும்பி வருகிற வழியில், மின்சார ரயிலில் வைத்து, நீங்களும் கூடப் போயிருக்கலாமே அக்கா, பிள்ளையை விட்டுவிட்டு இங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். "நானும் போயிட்டா அவ திரும்பி வர்றதுக்கு இங்க ஒண்ணும் இருக்காது அம்மிணி" என்றார்.

அந்தப் போகியோடு குழு கலைந்தது. தலைவர், துணைத்தலைவர் எல்லாரும் காணாமல் போனார்கள். குவார்ட்டர்ஸில் எங்களைக் கண்டால் "அடுத்த வருஷம் பெட்ரோல் பங்க்கை அடுக்கப் போறீங்களாமே" என்று கேலி. செயலாளர் மட்டும் ஒருநாள் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன் என்றார். அக்கா அவரைத் திட்டுவார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அவர் காப்பி போடப் போய்விட்டார். காப்பியோடு வந்து ஒரே ஒரு சட்டம் சொன்னார்: இனிமேல் ஒரு டயர்கூட நம்மிடம் ராத்தங்கக் கூடாது. வாங்கிய அன்றைக்கே அது வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். கரும்பு கிடையாது, கூட்டம் கிடையாது, பலகை கிடையாது.

போகிக்கு டயர் எங்கிருந்து வருகிறது என்று அக்கா கணக்குப் போட்டுவிட்டார். பஞ்சர் கடைகளிலும் லாரி பட்டறைகளிலும் வருஷம் முழுக்கச் சேருகிற பழசை, இடம் காலியாகட்டும் என்று மார்கழியில் பசங்களிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் போகிக்கான வேலையை மார்கழியில் ஆரம்பித்தால் காலம் கடந்துபோய்விட்டது என்று அர்த்தம். அவர் சித்திரையில் ஆரம்பித்தார். முதலில் போனது அந்தப் பஞ்சர் கடை அண்ணாத்தேயிடம். தினமும் சாயங்காலம் வந்து அன்றன்றைக்குச் சேருகிற பழைய டயரை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "இன்னாத்துக்குமா தெனிக்கும் பேஜாரு? சேத்து வக்கிறேன், ஒரே தபா வந்து வாரிகினு போ" என்றார். "ஒரே தபாவுல தானுங்க போன வருஷம் ஏமாந்தேன்" என்றார் அக்கா. அண்ணாத்தே நிமிர்ந்து பார்த்தார். பாப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுபோனது அவர் கடை வழியாகத்தான். கடை ஓரத்தில் கிடந்த லாரி டயரை எழுப்பி நிறுத்தி, எப்படித் தட்டினால் நேராகப் போகும் என்று உருட்டிக் காட்டினார்.

பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் லாரி டயரை அறுத்து, சித்தாள்கள் கலவை சுமக்கிற பாண்டு செய்வார்கள், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி செய்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து விடிகாலையில் பூவும் கீரையும் ஏற்றி வரும் ஒரு வேன், பொழுது சாய்ந்து காலியாகத் திரும்பும். அக்கா அந்த வேன்காரரைப் பிடித்தார். சைக்கிள் டயரைப் பட்டறையில் எடுக்கமாட்டார்கள். அதை அயனம்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், வைக்கோல் போர்மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க வாங்கிக்கொண்டன. சொல்வதற்கு இரண்டு வரிதான். செய்வதற்கு மூன்று வருஷம். வேன் கிளம்புவதற்குள் மெயின் ரோடு முழுக்க நடந்து, கடை கடையாக நின்று, டயரை உருட்டிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். செயலாளர் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து சேர்ந்துகொள்வார். நாங்கள் மூன்று பேர் வரிசையாக டயர் உருட்டிக்கொண்டு போகிற கோலத்தைப் பார்த்து என் வீட்டுக்காரரே ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் போய் இறங்கினார். அன்று வீட்டில் அவருக்கு வெறும் ரசம்தான்.

நான் பலநாள் சலித்துக்கொண்டிருக்கிறேன். கை கறுத்து, சேலையெல்லாம் கிரீஸ் பட்டு, நகத்துக்குள் போன அழுக்கு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உங்கள் பிள்ளைதான் இங்கே இல்லையே, இன்னும் எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் வாய் தவறியே கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே பொறுக்கவில்லை. அக்கா டயரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "அவளுக்கு வாக்கு குடுத்திருக்கறேன் இல்ல" என்றார். மறுபடி உருட்டினார். பாப்பா கோடை விடுமுறைக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரமாக, கன்னத்தில் சதை வைத்து வருவாள். அக்கா அவளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு, விடுமுறை முடிந்ததும் மாமனோடு ரயிலேற்றிவிட்டு, அன்று சாயங்காலமே முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார்.

பசங்கள் விஷயத்தில் அக்கா செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது. போகி கூடாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நெருப்பு வேண்டுமா, தாராளமாக நெருப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குவார்ட்டர்ஸ் தென்னை மரங்களில் விழுகிற காய்ந்த மட்டையையும், பிய்ந்த பாயையும், தேய்ந்த துடைப்பத்தையும் தெருவுக்குத் தெரு அவரே கொண்டுபோய்ப் போட்டார். மேளம் கிழிந்தவர்களுக்கு மேளம் வாங்கிக் கொடுத்தார். கேலி செய்தவர்கள் பாதிப் பேர் அதிலேயே அடங்கினார்கள். தொண்ணூறுகள் பிறந்த சமயம், செயலாளர் ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தார். புகையெல்லாம் மேலே சேர்ந்து பூமியே சூடாகிறதாம், பனிமலை உருகுமாம், மழை முறை தப்புமாம் என்று படித்துக் காட்டினார். அக்கா கவனமாகக் கேட்டார். "அப்படியுங்களா. நாம மொதல்ல நம்ம தெருவை ஆத்துவோமுங்க" என்றார். அன்றைக்கு வேன் சீக்கிரம் கிளம்புகிற நாள்.

இப்போது நான் அம்பத்தூரில் மகனோடு இருக்கிறேன். போகிக்கு முந்தின வாரம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வருகிறது. டயர் எரிக்காதீர்கள், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள், உலகம் வெப்பமாகிறது என்று பதிவு செய்த ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. என் பேத்தி பள்ளிக்கூடத்தில் அதற்கு ஓவியம்கூட வரைந்தாள். ஆனால் அந்த வண்டியில் இருக்கிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், யாரிடமும் இறங்கிப் பேசுவதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கிறது. தட்டி நிறுத்தி, தம்பி, பஞ்சர் கடைக்குச் சித்திரையிலேயே போனாயா என்று கேட்கத் தோன்றுகிறது. மழை முறை தப்புமாம் என்று அன்று படித்துக் காட்டியதெல்லாம் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. டயரோடு முடிகிற காரியம் இல்லை இது என்று எனக்கும் தெரியும். என்றாலும் நடக்காத காரியம் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூன்று பேர் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

குழு கலைந்த பிறகு வந்த முதல் போகியில் புகை பாதியாயிற்று. அடுத்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது போகிக்கு அக்கா தைரியமாகக் கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பினார். மாமன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டியிருக்குமோ என்று எதிர்வீட்டு ஸ்கூட்டருக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். அன்று விடிந்ததும் நான் வாசலைத் திறந்தேன். எதிர் பிளாக் தெரிந்தது. வெள்ளைப் பனி, நிஜப் பனி, மூச்சை இழுத்தால் சில்லென்று உள்ளே போகிற பனி. எங்கோ மேளம் கொட்டினார்கள், தென்னைமட்டை படபடவென்று எரிகிற சத்தமும் கேட்டது. மெயின் ரோட்டில் அண்ணாத்தே கடையைத் திறந்து, கையில் டயர் லீவரோடு காவலுக்கு நின்றிருந்தார் என்று பிறகு செயலாளர் சொன்னார். நான் காப்பியை ஊற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அக்கா வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நிலைப்படியில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகியிருந்தார். பாப்பா மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

பாப்பா கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்துவிட்டு, "அம்மா, நாம எப்ப ஊட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள். அக்கா, இதுதான் கண்ணு நம்ம வீடு என்றார். பாப்பா தலையை ஆட்டிவிட்டு, "இல்லம்மா, நம்ம ஊட்டுக்கு. கன்னுக்குட்டிக்கு நாந்தான் புல்லு போடோணும். மாமன் எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். நான் காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு அந்தக் குழந்தையை உலுக்கி, உனக்காக உன் அம்மா பட்டபாடு தெரியுமா என்று கேட்கலாம் போல இருந்தது. அவளைச் சொல்லி என்ன? மூன்று வருஷம் என்பது அவள் வயசில் மூன்றில் ஒரு பங்கு.

அக்கா அவள் முடியை ஒதுக்கிவிட்டார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "பொங்கல் முடிஞ்சதும் போலாம் சாமி" என்றார். அப்புறம் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். முதுகு எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அழுகிறாராக்கும் என்று நான் பக்கத்தில் போனேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், நாங்கள் எட்டிப் பார்க்காத தெருக்களுக்கு மேலே, கறுப்பாக இரண்டு புகை எழும்பிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கமும் கொழந்தைக இருக்கும் அம்மிணி" என்றார். பாப்பாவின் தோளில் போர்வையைச் சுற்றி, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.